கேட்கும் வயது: நான்கு

டிசம்பர் மூணாம் தேதி, காலை ஆறரை.
பால் பாக்கெட் எண்ணிக்கொண்டிருந்தபோது
போன் ஒருமுறை துள்ளியது.
"எபினேசர், உங்கள் வருடம் தயார்!"
என் வருடத்தை யார் தயார் செய்தது?
நான் பாட்டுக்குக் காந்தி ரோட்டுச் சந்தில்
இருபத்தாறு அறைகளுக்குச்
சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஊதாவில் ஒரு பக்கம். தள்ளினால் மஞ்சள்.
நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் நிமிடங்களாம்.
அதில் பாதிகூட என் காதுக்குப் போனதில்லை.
ரிசப்ஷன் மேஜை ஸ்பீக்கர்
என் போனோடு இணைந்திருக்கிறது, அவ்வளவுதான்.
ஆஸ்பத்திரி போய்த் திரும்புகிறவர்கள்
ஸ்டவ் கேட்பார்கள், குக்கர் கேட்பார்கள்,
மீன் நறுக்கக் கத்தி கேட்பார்கள்,
கொஞ்சம் தயங்கி
பாட்டு கேட்பார்கள்.
ஸ்டவ்வுக்கு நாளைக்கு முப்பது ரூபாய்.
பாட்டுக்கு வாங்குவதில்லை.

"நீங்கள் அதிகம் கேட்ட மொழி: வங்காளம்."
பிறந்தது சலவன்பேட்டை.
காட்பாடிக்கு அப்பால் ரயிலில் போனது மூன்றே தடவை.

இரண்டாம் இடம் மழைச் சத்தத்துக்கு.
பாட்டில்லை, வெறும் மழை,
எட்டு மணி நேரம் விடாமல் பெய்வது.
இருபத்திரண்டாம் அறை அம்மாவுக்காக வைத்தேன்.
கணவருக்குக் கிட்னி, இவருக்குத் தூக்கமில்லை.
மே மாதம், நூற்றெட்டு டிகிரி வேலூரில்
ராத்திரி முழுக்க மாடிப்படியில் மழை.
விடிகாலை அரைத்தூக்கத்தில்
மொட்டைமாடித் துணியை எடுக்க ஓடியிருக்கிறேன்.

முதலிடம், இருநூற்றுப் பன்னிரண்டு முறை,
ஒரு தவளைப் பாட்டு.
தவளைக்குச் சளி பிடித்த கதை என்று
தபன் தும்மிக் காட்டி விளங்கவைத்தார்.
பதினாலாம் அறை. மகள் தியாஷா.
முடி கொட்டிய தலையில் அப்பாவின் கைக்குட்டை.
பாட்டு ஓடினால்தான் வாய் திறக்கும்.
ஒரு பாட்டுக்கு நாலு கவளம்.
முடிந்ததும் "ஆபார்" என்பாள்.
மறுபடியும் என்று அர்த்தம்.
எனக்குத் தெரிந்த வங்காளம் அந்த ஒரு சொல்தான்.

"உங்கள் கேட்கும் வயது: நான்கு."
மதியழகனிடம் காட்டினேன்.
"நாலு வயசுல தொப்பை போட்ட ஆளு
இந்த ஜில்லாவுலயே நீதாண்டா" என்றான்.

அடுத்த பக்கத்தில் காகிதப்பூ கொட்டியது.
"ஆகஸ்ட் ஒன்பது! ஒரே பாட்டு முப்பத்தொரு முறை!
அன்று என்ன கொண்டாட்டம்?"

அன்று அவள் வாய் திறக்கவில்லை.
மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம்,
தபனும் நானும்.
தட்டில் சோறு காய்ந்துபோனது.

பத்தொன்பதாம் தேதி எனக்கு லீவு.
மறுநாள் வந்தபோது பதினாலு காலி.
குக்கரைத் தேய்த்துக் கவிழ்த்திருந்தார்கள்.
அட்வான்ஸ் மீதி நானூறை வாங்கிக்கொள்ளவில்லை.
டிக்கெட் திடீரென்று கிடைத்திருக்கும்.
அப்படியும் இருக்கலாம்.

அதன்பின் தவளைப் பாட்டு ஒருமுறைகூட இல்லை.
அது ஆப்புக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது.
எனக்கும்தான்.
ரெஜிஸ்டரில் மால்டா விலாசம் இருக்கிறது,
நம்பர் இருக்கிறது.
நானூறு ரூபாயைச் சாக்கு வைத்து
நாலைந்து தடவை அழுத்தியிருக்கிறேன்,
மணி அடிப்பதற்குள் வைத்திருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் "பகிருங்கள்" என்று ஒரு பொத்தான்.

கணக்கை நவம்பர் பாதியிலேயே மூடிவிடுவார்கள்
என்று மதியழகன் சொன்னான்.
அப்படியென்றால் இப்போது வைப்பது
இந்த வருடத்தில் சேராது.
வைத்தேன்.
தவளை தும்மியது.

பதினாலின் கதவு திறந்தது.
நேற்று ராஞ்சியிலிருந்து வந்தவர்,
காலில் கட்டு, கையில் பல்துலக்கி.
ஸ்பீக்கரைக் காட்டி
கையை மேலும் கீழும் ஆட்டி என்னவோ சொன்னார்.
குறைக்கச் சொல்கிறாரா, கூட்டச் சொல்கிறாரா,
என் இந்தி அந்த அளவுதான்.
திருகியில் விரலை வைத்தபடி
அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.